காணிக்கை ஜீப்

இன்பமணி வண்டியிடம் போனதும் முதல் வேலையாக பானட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பான். சூடாக இருந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டான், திரும்பி நடந்துவிடுவான். விற்கிறவன் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடிவருவான். "என்னண்ணாச்சி, வந்த கால்லயே போறீய, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போங்களேன்" என்பான். "நாளைக்கு வாறேன். நான் வந்த பொறவு ஸ்டார்ட் பண்ணும்" என்று மட்டும் சொல்வான் இன்பமணி. முன்னாலேயே ஓட்டிச் சூடேற்றி வைத்த எஞ்சின் தன் வியாதியை வெளியே காட்டாது என்பது அவன் கட்சி. ஆறிக் கிடக்கிற வண்டியை எழுப்பினால்தான் அது இருமுகிறதா, புகைகிறதா, முரண்டு பிடிக்கிறதா என்று தெரியுமாம்.

திருநெல்வேலி வட்டாரத்தில் பழைய ஜீப் வாங்குகிறவர்கள், அதிலும் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற மலை ஜீப் வாங்குகிறவர்கள், அவனைக் கூட்டிக்கொண்டு போகாமல் முன்பணம் கொடுக்க மாட்டார்கள். அம்பாசமுத்திரத்தில் தோப்பு வைத்திருக்கிறவர் வருவார். நாங்குநேரியிலிருந்து காற்றாலைக்கு ஆள் ஏற்றிப்போகிறவர் வருவார். பதினெட்டு வருஷம் மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஜீப் ஓட்டியவன் அவன். ரோடு என்று சொல்லவே வாய் கூசுகிற பாறையிலும் சேற்றிலும் ஓட்டி, அங்கேயே பிரித்து, அங்கேயே பூட்டி, ஜீப்பின் ஒவ்வொரு எலும்பும் அவனுக்கு அத்துப்படி. கீழே இறங்கி பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு இதுவே பிழைப்பாகிவிட்டது.

நான் அப்பாத்துரை, அதே தெருக்காரன். மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் முப்பத்துநாலு வருஷம் கிளார்க்காகக் கிடந்து ஓய்வு பெற்றவன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு, ஞாயிறு பள்ளியில் ஒரே பெஞ்சு. எனக்கு வாய் பெரிது. அவனுக்கு வாய் இருக்கிறதா என்றே சிலருக்குச் சந்தேகம். வண்டி பார்க்கப் போகிற இடங்களுக்குச் சில நாள் நானும் ஒட்டிக்கொண்டு போவேன். வீட்டில் சும்மா இருந்தால் என் பெண்டாட்டி கிரேஸி முருங்கைக்கீரை ஆயச் சொல்லுவாள், அதற்குப் பயந்துதான்.

ஒரு தடவை தச்சநல்லூரில் ஒரு ஜீப். பச்சை நிறம், பார்க்க மாப்பிள்ளை மாதிரி நின்றது. இன்பமணி தான் கொண்டுபோன சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்தான். ஒரு சின்னச் சுத்தியலால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனான். நல்ல இரும்பு கணீரென்று பேசும், துருப்பிடித்தது சொத்தென்று சொல்லும். பிறகு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். பிரேக்கை மிதித்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டு அப்படியே நின்றான். மிதித்த கால் பையக் கீழே இறங்கினால் எங்கேயோ எண்ணெய் கசிகிறது என்று அர்த்தம். கடைசியாக மறுபடி அடியில் புகுந்து பிரேக் குழாயை முன்னாலிருந்து பின்னால் வரை கட்டைவிரலால் தடவினான். எழுந்து வந்து கையைத் துடைத்தான்.

"வேண்டாம்" என்றான் வாங்க வந்தவரிடம்.

விற்கிறவனுக்கு வந்ததே கோபம். "என்னவே வேண்டாம்? போன வாரந்தான் அடியில பூரா புதுப் பெயிண்ட் அடிச்சிருக்கேன், கண்ணு தெரியலியா ஒமக்கு?"

"அதனாலதான் வேண்டாங்கேன். அடியில எவன் பாக்கப் போறான்னு பெயிண்ட் அடிச்சீரு? எதையோ மறைக்கத்தான அடிச்சீரு?"

அவ்வளவுதான் பேச்சு. வருகிற வழியில் நான், "கொஞ்சம் நயமாச் சொல்லப்படாதா வே, அடிக்க வந்திருவான் போலிருக்கே" என்றேன். "மலையில போறவன் உசுரு வே அது. நயம் பாத்தா அவன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்ல?" என்றான். அவனுக்கு இந்த ஒரு விஷயத்தில்தான் இப்படி ஆங்காரம் வரும்.

அவனுக்கு ஒரே மகள், ரீபா. அவளைத் தன் அக்கா மகன் சுபினுக்கே கட்டிக்கொடுத்தான். தாயில்லாமல் போன பிள்ளை, பாதி நாள் இன்பமணி வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன். அதனால் மருமகன் என்ற மரியாதை எல்லாம் கிடையாது, "ஏலே"தான். சுபின் அம்பாசமுத்திரத்தில் குடியிருந்துகொண்டு, இன்னொருவரின் ஜீப்பைக் கூலிக்கு ஓட்டினான். மலைமேல் தோட்டத்துக்கு அரிசி, காய்கறி, ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் என்று ஏற்றிக்கொண்டு போவான். அபிஷா என்று மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. சொந்தமாக ஒரு ஜீப் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே ஆசை.

மாமனார் இப்பேர்ப்பட்ட ஆள் என்றால் ஜீப் கிடைப்பது கஷ்டமா என்று நினைப்பீர்கள். அங்கேதான் சங்கடம். ஊரான் வண்டிக்கு அரை மணி நேரம் பார்க்கிறவன், மருமகன் வண்டிக்கு அரை நாள் பார்த்தான். இரண்டு வருஷத்தில் ஏழு ஜீப்பை வேண்டாம் என்று தள்ளினான். ஒன்றுக்குச் சட்டம் துரு. இன்னொன்றில் ஆயிலைத் தொட்டுப் பார்த்தால் பால் மாதிரி வெளுத்திருந்தது, தண்ணீர் கலந்திருக்கிறது என்றான். ஐந்தாவது வண்டிக்கு என்ன குறை என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை, "மனசுக்குச் சரியில்ல" என்றுவிட்டான். ரீபா என் வீட்டுக்கு வந்து, "மாமா, நீங்களாவது அப்பாட்டச் சொல்லுங்க. இவுக பாத்துப் பாத்து நான் கெழவியாயிருவேன் போலிருக்கு" என்று சிரித்தாள். நானும் போய்ச் சொன்னேன். "என் பிள்ளைகள ஏத்திட்டு மலையேறப் போற வண்டி வே. அது ஒடைஞ்சா எனக்கு யாரு இருக்கா?" என்றான்.

போன வருஷம் அக்டோபரில் எங்கள் கோயில் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. நாங்கள் சர்ச்சைக் கோயில் என்போம், போதகரை ஐயர் என்போம். இந்தப் பண்டிகை ஏலத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவரவர் வீட்டில் விளைந்த முதல் வாழைக்குலை, முதல் தேங்காய், வளர்த்த சேவல், ஆட்டுக்குட்டி என்று காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வளாகத்திலேயே ஏலம். ஒற்றை எலுமிச்சம்பழம் ஐந்நூறு ரூபாய்க்குப் போகும். அது பழத்துக்கான விலை இல்லை. எடுத்தவன் அதை முகர்ந்து பார்க்க மாட்டான், அழுத்திப் பார்க்க மாட்டான், பேரம் பேச மாட்டான். ஒரு வருஷம் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி சேவலின் நெஞ்சைப் பிடித்துக் கறி எவ்வளவு தேறும் என்று பார்த்துவிட்டாள். பெண்கள் பக்கம் ஆறு மாதம் அதே பேச்சு. ஆண்டவருக்குக் கொடுத்த பொருளை நோட்டம் பார்க்கக் கூடாது. யாரும் இதை எழுதி ஒட்டியிருக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஏலத்தைக் கூவுகிறவன் நான்தான். இருபது வருஷமாக.

அந்த வருஷம் வாழைக்காய் மண்டி ஞானாயுதம் அண்ணாச்சி ஒரு ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். நெஞ்சில் ஆபரேஷன் செய்து பிழைத்து வந்தவர். சுகமானால் தன் ஜீப்பைக் கோயிலுக்குத் தருகிறேன் என்று பொருத்தனை பண்ணியிருந்தாராம். மூன்று வருஷமாகத் தோட்டத்துக் கொட்டகையில் கிடந்த வண்டி. கழுவி, சீட்டுக்குப் புது உறை போட்டு, பானட்டில் செவ்வந்தி மாலை. கோயில் வாசல் வெயிலில் அது நின்ற நிற்பைப் பார்த்து எனக்கே கண் கூசிற்று.

சுபின் குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் கண் அந்த வண்டியை விட்டு அகலவில்லை. ரீபா என் பக்கத்தில் வந்து, "மாமா, ஏழு வண்டி தட்டிப்போனது இதுக்குத்தான் போலிருக்கு. ஆண்டவரே கொண்டாந்து நிறுத்திட்டாரு" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பொய் சொல்லமாட்டேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சுபின் பைய இன்பமணியிடம் போனான். இரண்டு பேரும் எனக்கு நாலடி தள்ளித்தான் நின்றார்கள்.

"மாமா, ஏலம் தொடங்க முன்ன அடியில ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்."

வாயே திறக்காத மனுஷன் அன்றைக்குத் திறந்தான். "ஏலே, நீ கோயில்ல நிக்கியா, சந்தையில நிக்கியா? காணிக்கைய குனிஞ்சு பாக்கச் சொல்லுதான் பாரு! அண்ணாச்சி என்ன உன்கிட்ட மாடு விக்கவா வந்திருக்காக? வெக்கமா இல்ல ஒனக்கு?"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஞானாயுதம் அண்ணாச்சியும் திரும்பினார். சுபினுக்கு முகம் செத்துவிட்டது. "இல்ல மாமா, சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பையனைத் தேற்றுகிறேன் என்று மைக்கில் ஒரு போடு போட்டேன். "ஜீப் பாக்கிற இன்பமணி வீட்டு மாப்பிள்ளையே கேக்குதாரு. அப்பம் வண்டி எப்படி இருக்கும்னு நீங்களே பாத்துக்கிடுங்க!" கூட்டம் சிரித்தது, கை தட்டியது. இரண்டு பேர் எதிர்த்துக் கேட்டுவிட்டு, சுபினின் ஆசை தெரிந்து விட்டுக்கொடுத்தார்கள். ஒரு லட்சத்து எண்பதாயிரத்தில், ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று மேசையைத் தட்டினேன். என் நாக்கில் தீயை வைக்க.

ஐயர் வண்டிமேல் கை வைத்து ஜெபம் பண்ணினார். இன்பமணி கண்ணை மூடித் தலைகுனிந்து நின்றான். ஆமென் சொல்லி நிமிர்ந்தபோது அவன் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு நிம்மதி. இரண்டு வருஷமாக அவன் தலையில் இருந்த பாரம் இறங்கியிருந்தது. இந்த வண்டிக்கு அவன் எடு, வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. வண்டியின் கதவைக்கூட அவன் அன்றைக்குத் தொடவில்லை. நல்ல வெள்ளை வேட்டி கட்டியிருந்தான், அது கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது.

ஐந்து வாரம். நவம்பர் கடைசியில், ஒரு புதன்கிழமை மத்தியானம், மலையிலிருந்து இறங்கி வரும்போது ஒரு வளைவில் வண்டி நிற்கவில்லை. ஏறும்போது ஏழு பேர் இருந்தார்களாம். இறங்கும்போது சுபின் மட்டும். கியரைக் குறைத்து, பாறைப் பக்கமாக உரசி நிறுத்தப் பார்த்திருக்கிறான், பாறையில் நெடுக வண்டி உரசிய தடம் இருந்தது. அதற்கும் அடங்காமல் பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அடக்கத்துக்குச் சனம் தெரு கொள்ளவில்லை. ஆளாளுக்கு ஒரு பேச்சு. மழை ரோடு என்றான் ஒருவன். இளம்பிள்ளை வேகமாக வந்திருப்பான் என்றான் இன்னொருவன். அவனை அறைய வேண்டும்போல இருந்தது எனக்கு, சுபின் ஓட்டுவது பெட்டியில் முட்டை வைத்துக் கொண்டுபோவது மாதிரி இருக்கும். வேளை வந்துவிட்டது என்று மூப்பர்கள் சொன்னார்கள். எல்லாவற்றையும் இன்பமணி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழவும் இல்லை. ஞானாயுதம் அண்ணாச்சி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். அவரை நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். தெரிந்து செய்கிற மனுஷன் இல்லை அவர்.

பத்தாம் நாள் காலையில் இன்பமணி என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கக்கத்தில் சாக்கு.

"வாரும் வே, ஒரு இடம் போணும்."

பஸ் பிடித்து அம்பாசமுத்திரம் போனோம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் முள்செடிகளுக்கு நடுவே ஜீப்பைத் தூக்கிவந்து போட்டிருந்தார்கள். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. அதற்குள் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, வேலி ஓரமாக நின்றுகொண்டேன். ஏட்டிடம் ஏதோ சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு இன்பமணி சாக்கை விரித்து அடியில் போனான்.

கொஞ்ச நேரம் சுத்தியல் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. நான் பயந்துபோய், "இன்பமணி, ஏலே, என்ன செய்யுத?" என்று கூப்பிட்டேன். அவன் வெளியே வந்து சாக்கிலேயே உட்கார்ந்தான். கட்டைவிரலை என்னிடம் நீட்டினான். செங்கல் பொடி மாதிரி துரு அப்பியிருந்தது. அதன்மேல் கருப்பாகப் பெயிண்ட் செதில்.

"அந்தக் காலத்து ஜீப்பு வே இது. ஒரே கொழாயிலதான் நாலு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெ போவும். ஒரு இடத்துல வெடிச்சா நாலும் போச்சு. இதுல ஒரு முழ நீளத்துக்குத் துரு. மேல புதுசாக் கருப்புப் பெயிண்ட் அடிச்சிருக்கு."

"மறைச்சிட்டாகளா வே அண்ணாச்சி?" எனக்கு ரத்தம் கொதித்தது.

"இல்ல வே. வண்டிக்கு என்னென்ன செஞ்சீகன்னு அண்ணாச்சி தோட்டத்துல வேல பாக்கிற ஆள்ட்ட நேத்தே போய்க் கேட்டுட்டேன். கோயிலுக்குக் குடுக்கிற வண்டி, மேலயும் அடியிலயும் அழகா இருக்கணும்னு அவனாத்தான் அடிச்சிருக்கான். பாவம், ரெண்டு நாள் மெனக்கெட்டிருக்கான்." விரலை வேட்டியில் துடைத்தான். துடைத்துத் துடைத்து, துரு போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான். "அஞ்சு நிமிஷம் வே. அஞ்சே அஞ்சு நிமிஷம் குனிஞ்சிருந்தா பாத்திருப்பேன். புதுப் பெயிண்டைக் கண்டாலே எனக்குத் தெரிஞ்சிருக்கும். ஊர்ல உள்ளவன் வண்டி எல்லாம் பாத்தேன். என் அக்கா மவனுக்குப் பாக்கல."

அப்போதுதான் அழுதான். முள்செடிக்குள் உட்கார்ந்து, அறுபது வயசு மனுஷன், பிள்ளை அழுவது மாதிரி வாய்விட்டு அழுதான். நானும் அழுதேன். ஏட்டு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"ரீபாட்டச் சொல்லணும்" என்றான் கடைசியில்.

"என்னத்துக்கு வே? வெந்த புண்ணுல எதுக்கு வேலப் பாய்ச்சுத? ரோடு சரியில்லன்னே இருந்துட்டுப் போவட்டும்."

"சுபின் மேல பழி நிக்கிது. வேகமா வந்தான்னு பேசுதாக. அது அவ காதுலயும் விழுந்துட்டுத்தான் இருக்கும்."

ஸ்டேஷனிலிருந்து இரண்டு தெரு நடந்தால் ரீபா வீடு. வாசலில் சுபினின் செருப்பு கிடந்தது. ரீபா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அபிஷா பக்கத்தில் ஒரு டப்பாவை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். இன்பமணி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். குழாய், துரு, பெயிண்ட், எல்லாம். "அவன் மேல தப்பு இல்லம்மா. பிரேக் அத்துப்போச்சு. அன்னைக்கு அவன் கேட்டான், நான் பாக்கல. ஒன் புருசன நான்தான் கொன்னுட்டேன்" என்றான்.

ரீபா அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. குழந்தையின் தலைமுடியைக் கோதிக்கொண்டே பேசினாள்.

"பிரேக் சரியில்லன்னு அவுகளுக்குத் தெரியும்ப்பா."

"என்னம்மா சொல்லுத?"

"மிதிச்சா ஆழமாப் போவுதுன்னாக. பத்து நாளா எண்ணெ ஊத்தி ஊத்தித்தான் ஓட்டுனாக. அப்பாட்டக் கொண்டுபோய்க் காட்டுங்கன்னு நான் தெனமும் சண்ட போட்டேன். 'கோயில் வண்டிய கொற சொல்லிக்கிட்டு மாமா முன்னால போய் நிக்கச் சொல்லுதியா? அன்னைக்கு அத்தன பேரு முன்னால வாங்கிக் கட்டுனது போதும். கிறிஸ்மஸ் கழியட்டும், வேற யாரையாவது வச்சு நானே சரி பண்ணுதேன்'னாக. கடைசி ஞாயித்துக்கெழம ஒங்க வீட்டுக்கு நாங்க பஸ்ஸுலதான வந்தோம்? வண்டிய ஒங்க கண்ணுல காட்டக் கூடாதுன்னுதான் அப்பா, பஸ்ஸுல வந்தோம்."

இன்பமணி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அவனைப் பார்க்கப் பயமாக இருந்தது. எதையாவது சொல்லித் தேற்ற வேண்டுமே என்று, "கோட்டிக்காரப் பய. ஒரு வார்த்த ஒங்கிட்ட வந்து சொல்லியிருந்தாம்னா, நீ பாக்காமலா இருந்திருப்ப?" என்றேன்.

அவன் கதவுநிலையிலிருந்து கையை எடுத்தான்.

"இல்ல வே" என்றான். "வந்து சொல்லியிருந்தாலும் நான் ஏசித்தான் அனுப்பியிருப்பேன். அவனுக்கு என்னைத் தெரியும்."

அப்படிச் சொல்லாதீர்கள் அப்பா என்று ரீபா சொல்லுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. எழுந்து குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.